கன்றுக்கு இரத்தக் கழிச்சல், மகனுக்கும் வயிற்றுப்போக்கு

கேள்வி (நெல்லிக்குப்பம்):
வணக்கம். எங்கள் கொட்டகையில் மூன்று வாரமே ஆன ஜெர்சி கலப்பினக் கன்று, நாற்றமெடுக்கும் மஞ்சள் கழிச்சலோடும் அதில் இழையிழையாக இரத்தத்தோடும் படுத்துவிட்டது; சாணப் பரிசோதனையில் சால்மோனெல்லா என்ற குடல் கிருமி இருப்பதாக வந்திருக்கிறது. கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்து வந்த என் மகனுக்கும் நேற்றிலிருந்து காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் இருக்கின்றன. இது மனிதருக்கும் தொற்றுமா?

மறுமொழி 1 (பண்ருட்டி):
தொற்றும், ஐயா. இன்றே மகனை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, கன்றின் பரிசோதனை முடிவையும் காட்டுங்கள். கன்றைத் தனியே கட்டி, மற்ற மாடுகளை முடித்த பிறகு கடைசியாக அதைக் கவனியுங்கள். அதன் வாளியும் புட்டியும் வேறெதற்கும் போகக் கூடாது. சாணத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது வீண். முதலில் தரையைச் சுரண்டிக் கழுவிவிட்டுத்தான் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்ற வேண்டும், ஏனெனில் சாணம் அதிலுள்ள குளோரினின் வீரியத்தைக் குறைத்துவிடும்.

மறுமொழி 2 (பாகூர், புதுச்சேரி):
கன்று தேறிவிட்டது என்று அசட்டையாக இருக்க வேண்டாம். நலமாகத் தெரியும் மாடும் சாணத்தில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம் என்பதால், கால்நடை மருத்துவரிடம் கேட்டு மறுபரிசோதனை செய்யுங்கள். பச்சைப் பால் குடிக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் நிறுத்திவிட்டு, பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். அடுத்த ஈற்றில், 25 கிலோ கன்றென்றால் ஏறத்தாழ 2.5 லிட்டர் சீம்பாலை முதல் ஆறு மணி நேரத்துக்குள் புகட்டிவிடுங்கள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பால் கொடுக்காமல் காத்திருப்பதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை.