அப்பாவுக்குப் பகல் பொழுது போக வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். அப்பாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்து ஒரு மாதம் ஆகிறது. புதுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமலிருக்கத் தரும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம். இன்னும் 2 மாதம் கூட்டம், விருந்தாளி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தினமும் விடியற்காலையில் கோட்டை அகழியோரம் நடந்து, ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, நண்பர்களோடு டீ குடித்துவிட்டு வருகிறவர். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்க்கிறார். பேச்சு குறைந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

காலையில் மொட்டை மாடியில் நடை, சாயங்காலம் நண்பர்களுடன் வீடியோ கால், சரி. நடுப்பகல்தான் நகரவே மாட்டேன் என்கிறது. வேலூர் வெயிலில் மாடிக்கும் போக முடியாது. மண்ணிலிருந்து தொற்று வரலாம் என்பதால் செடி வேலையும் கிடையாது. அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இப்படி மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தவர்கள் பகலை எப்படிக் கழித்தீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.