என்கேப்சுலேஷன்: உறைபொதியாக்கமா, உறையிடலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நெட்வொர்க்கில் பொதியை (பாக்கெட்டை) கம்பியில் அனுப்புமுன் அதைச் சுற்றி ஒரு உறை போடுவதைத்தான் என்கேப்சுலேஷன் என்கிறோம். அதற்கு நான் உறையிடல் என்கிறேன். நம் மடற்குழுவில் அதற்கு வந்த கேள்வி:

> பாடநூலில் உறைபொதியாக்கம் என்று ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு?

கும்பகோணத்து ஐயா கேட்பது நியாயம்தான். ஆனால் பாடநூலில் அந்தச் சொல் வருவது பொருள்நோக்கு நிரலாக்கத்தில் (ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்). உள்ளே இருப்பதை வெளியாள் தொடாமல் மறைப்பது அங்கே நோக்கம். இரண்டு திசைவிகளுக்கு (ரவுட்டர்களுக்கு) நடுவே கம்பியில் நடப்பது வேறு. எதிர்ப்பக்கம் பிரித்துப் பார்க்கட்டும் என்றுதான் சுற்றியே அனுப்புகிறோம். மேலே போட்ட குறி புரியாவிட்டால் சரக்கு வீண்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மன்னார்குடிக் கிளையையும் தஞ்சாவூர்த் தலைமையிடத்தையும் 2 மெகாபிட் லீஸ்டு லைனில் (நமக்கென்றே வாடகைக்கு எடுக்கும் இணைப்பில்) இணைக்க வேண்டியிருந்தது. தஞ்சையில் சிஸ்கோ நிறுவனத் திசைவி. மன்னார்குடிக்கு விலை குறைவென்று வேறொரு நிறுவனத் திசைவியை நானே வாங்கி வைத்தேன். மோடத்தில் விளக்கெல்லாம் பச்சை. திரையில் மட்டும் 'சீரியல் அப், லைன் புரோட்டோகால் டவுன்'. அதாவது கம்பி சரி, பேச்சுதான் இல்லை. கேபிளை மாற்றிப் பார்த்தேன், லைன்காரரிடம் சண்டை போட்டேன். சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது (ஆமாம், இதுவும் ஒரு உறைதான்).

நாம் எதுவும் சொல்லாவிட்டால் சிஸ்கோ சீரியல் இணைப்பில் எச்டிஎல்சி என்ற உறையைப் போட்டுக்கொள்ளும். அதுவும் தரப்படுத்திய எச்டிஎல்சி அல்ல. தரத்தில் உள்ளதில், உள்ளே இருப்பது ஐபியா வேறொன்றா என்று எழுத இடமே கிடையாது. அதற்காக சிஸ்கோ 2 பைட் சேர்த்துக்கொண்டது. பிபிபி என்ற இன்னொரு உறை அதே வேலையை எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாகச் செய்கிறது. 1994-இல் வந்த ஆர்எஃப்சி 1661 என்ற இணையத் தர ஆவணம் அதன் இலக்கணம். ஐபி பொதிக்கு சிஸ்கோவின் எச்டிஎல்சி 0800 என்று குறி போடும், பிபிபி 0021 என்று போடும். நம்மூர் நெல் கொள்முதல் நிலையத்திலும் இப்படித்தான்: 40 கிலோ மூட்டைதான் எடுப்பார்கள். வியாபாரிக்குப் பிடித்த மூட்டையை அப்படியே வண்டியில் ஏற்றிப் போனால் நெல் நல்ல நெல்லாகவே இருந்தாலும் களத்தில் கொட்டி மறுபடி பிடிக்க வேண்டியதுதான். என் மன்னார்குடிப் பெட்டி பிபிபி பேசிக்கொண்டிருந்தது. தஞ்சையிலும் பிபிபி என்று மாற்றினேன், லைன் எழுந்தது. கூடவே பிபிபியோடு வரும் சாப் என்ற முறை வழியாகக் கடவுச்சொல் சரிபார்ப்பும் கிடைத்தது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். பொதியாக்கம் வேண்டாம், பாக்கெட்டை நாம் ஏற்கெனவே பொதி என்கிறோம், பொதியைப் பொதியாக்குவதா? திருவாரூர் அக்கா சொன்ன 'கோட்டை கட்டல்' எனக்கு ரொம்பப் பிடித்தது. விதைநெல்லை வைக்கோலில் சுற்றிக் கட்டிய கோட்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? கோட்டை என்றால் செஞ்சிதான் நினைவுக்கு வரும்.

என் ஓட்டு உறையிடலுக்கு. எதிர்ச்செயல் உறைபிரித்தல். பெயராக வரும்போது இணைப்புறை. என் சோதனை எளியது: கிளையில் இருக்கும் பையனிடம் போனில் சொல்ல வாய் வருகிறதா? "தம்பி, உன் பக்கம் என்ன உறை போட்டிருக்கு பாரு" என்றால் புரிகிறது. "என்ன உறைபொதியாக்கம்" என்று கேட்டால் அவன் போனை வைத்துவிடுவான்.

தயிருக்கு ஊற்றும் உறையோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். தலையணை உறையோடு நம் வீட்டில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. உண்மையான சிக்கல் வேறு இடத்தில். கணினி நின்றுபோவதை 'உறைந்துவிட்டது' என்கிறோம். அதனால் வினையாக எப்போதும் உறையிடு என்றே எழுத வேண்டும். 'உறைந்த பொதி' என்று எழுதினால் கெட்டது கதை. பிபிபி, எச்டிஎல்சி பெயர்களை அப்படியே விட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை: ஒரு பொதியை இன்னொரு பொதிக்குள் வைத்து அனுப்பும் ஜிஆர்இ முறையில் உறையிட்டதன் மேலேயே இன்னொரு உறை வருகிறது. 'மேலுறை' போதுமா? ஆடிப்பெருக்குக்குள் சொல்லுங்கள். அதற்கப்புறம் சம்பா நாற்றங்கால் வேலை, மடல் பக்கம் வரமாட்டேன்.