நமக்குப் பிடித்த பிராண்ட் மாட்டிக்கொண்டபோது உங்கள் குழுவில் என்ன நடந்தது?

முன்னாள் அட்மின்:
நானே ஆரம்பிக்கிறேன். ஒரு இயர்பட்ஸ் கம்பெனியின் ரசிகர் குழுவில் நாலு வருஷம் அட்மினாக இருந்தேன். ஒருநாள் ஒருவர் படம் போட்டார்: சார்ஜிங் கேஸின் அடிப்பக்கம் உப்பி, மூடி மூடாமல் நிற்கிறது. "கண்ட சார்ஜரில் போட்டிருப்பீங்க", "போட்டிக் கம்பெனி ஆளா?" என்று ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். நான் ஒருபடி மேலே போய், போஸ்டைப் பூட்டி அவருக்கு ஒரு வாரம் தடையும் போட்டேன். குழுவைக் காப்பாற்றுகிறேனாம்!

பதினைந்தே நாளில் என் கேஸும் உப்பியது. கம்பெனி கொடுத்த கேபிளைத் தவிர வேறு எதையும் நான் தொட்டதில்லை. பூட்டைத் திறந்து, அவர் படத்துக்குக் கீழேயே என் படத்தையும் போட்டேன். அப்புறம்தான் "எனக்கும்தான், சொல்லத் தயக்கமா இருந்தது" என்று ஒவ்வொருவராக வந்தார்கள். அன்றைக்குப் பாய்ந்தவர்களே சீரியல் எண்ணின் முதல் நாலு எழுத்து, வாங்கிய மாதம், உப்பியதா இல்லையா என்று அட்டவணை போட்டார்கள். பெரும்பாலும் ஒரே பேட்ச். "எங்கோ ஒன்றிரண்டு" என்று சாதித்துக்கொண்டிருந்த கம்பெனி, அட்டவணை கைக்குப் போன பிறகு மாற்றித் தர ஒப்புக்கொண்டது.

ஓரமா இருந்தவன்:
கேலக்ஸி நோட் 7 போன்கள் பேட்டரிக் கோளாறால் தீப்பிடித்த நேரத்தில் நான் சும்மா வேடிக்கை பார்த்தவன். 2016 செப்டம்பரில் சாம்சங் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னதும் குழுவில் கிட்டத்தட்ட கொண்டாட்டம். "வேற யார் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவாங்க?" மாற்றிக் கொடுத்த போனில் பேட்டரி அடையாளம் பச்சையாக இருக்கும், அதைப் படம் பிடித்துப் போடுவதே ஒரு பெருமை. அக்டோபரில் மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்தன, தயாரிப்பே நின்றது. அதிகம் கொதித்தது அதுவரை முட்டுக் கொடுத்தவர்கள்தான்.

பகடைப் பிரியை:
எங்கள் பக்கம் முட்டுக் கொடுக்க ஆளே இல்லை. 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டிக் கதையாடும் விளையாட்டை வைத்து மற்றவர்களும் படைப்புகள் வெளியிட அனுமதிக்கும் உரிமத்தை இறுக்கும் புது வரைவு கசிந்ததும், பலர் அதன் அதிகாரபூர்வ இணையதளமான டி அண்ட் டி பியாண்டின் சந்தாவை ரத்து செய்து அந்தத் திரையைப் படமாகப் போட்டார்கள். திட்டியதைவிட அதுதான் உறைத்திருக்கும். 27ஆம் தேதி கம்பெனி பின்வாங்கி, விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பை யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது.

சரி அட்மின், முதலில் படம் போட்டவர் என்ன ஆனார்?

முன்னாள் அட்மின்:
மன்னிப்புக் கேட்கலாம் என்று தேடினேன். தடை முடிந்த அன்றே குழுவை விட்டுப் போயிருக்கிறார்.