கடைசி டிவிடி சிக்குகிறது, வடசென்னையில் யாராவது உதவ முடியுமா?

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். அம்மாவும் நானும் ஒரு பழைய மர்மத் தொடரை டிவிடியில் பார்த்து வருகிறோம், மொத்தம் 6 டிஸ்க். விளம்பரமே கிடையாது. 'தொடரும்' வந்த கையோடு அடுத்த பகுதி ஓடும். இரவு 11 ஆனாலும் அம்மா எழுந்திருக்க மாட்டார்.

6-வது டிஸ்கில்தான் வினை. கடைசிப் பகுதியில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து, படம் நின்றுவிடுகிறது. டிவிடியை லேசர் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கும். விளிம்பில் இருக்கும் கீறல் சரியாக முடிவைப் பிடித்துக்கொண்டது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து நேராக வெளியே துடைத்தும் பார்த்துவிட்டேன். மற்ற ஐந்தும் நன்றாக ஓடுகின்றன.

ராயபுரம், பெரம்பூர் பக்கம் டிஸ்க்கை பாலிஷ் போட்டுத் தருபவர் இருக்கிறாரா? இல்லையென்றால், நல்ல டிவிடி டிரைவ் வைத்திருப்பவர்கள் ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்க விட்டால் போதும், நானே எடுத்து வருகிறேன். கொலை செய்தது யாரென்று தெரியாமல் அம்மா தவிக்கிறார்.