பாத்தது தனியார் டாக்டர், மாத்திரை கவர்மென்ட் மாத்திரை: அம்மாவோட டி.பி. அனுபவம்

நாங்க பாலக்கோடு பக்கம். போன வருஷம் அம்மாவுக்கு இருமல் விடவே இல்ல, சாயங்காலம் ஆனா உடம்பு காயும், ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. பக்கத்துல ஒரு கிளினிக்ல டானிக்கும் ஆன்டிபயாடிக்கும் மாத்தி மாத்தி எழுதுனாங்களே தவிர சளி டெஸ்ட் எடுங்கன்னு சொல்லல. ரெண்டு வாரத்துக்கு மேல இருமுனாலே எடுக்கணும், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறல.

அப்புறம் தர்மபுரியில ஒரு நெஞ்சு டாக்டர், அவரும் தனியார்தான். எக்ஸ்ரே பாத்துட்டு மூடி போட்ட டப்பா ஒண்ணு கொடுத்து, "காலையில வாய் கொப்புளிச்சுட்டு ஆழமா இருமி எடுங்கம்மா, எச்சில் வேணாம், சளிதான் வேணும்"னாரு. டப்பா போனது ஜி.எச். லேபுக்கு. ஜீன்எக்ஸ்பர்ட் மிஷின்ல போட்டா டி.பி.யாங்கிறதும் தெரியுது, டி.பி.க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேக்குமாங்கிறதும் தெரியுது, எங்களுக்கு ஒத்த பைசா செலவில்ல.

"காசு இல்லாதவங்கன்னு ஜி.எச்.க்கு தள்ளி விடறாரு"ன்னு சித்தப்பா சத்தம் போட்டாரு. அப்படி இல்லவே இல்ல. 2012லயிருந்து டி.பி.ன்னா தனியார் டாக்டரும் அரசாங்கத்துக்கு தெரிவிச்சே ஆகணும். இவரு நிக்ஷய்ங்கிற அரசாங்க டி.பி. வெப்சைட்ல அம்மா பேர பதிஞ்சாரு, மாத்திரை எங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே (பி.எச்.சி.) கிடைச்சுது, செக்கப் மட்டும் அவர்கிட்டயே. 6 மாச கோர்ஸ், முதல் 2 மாசம் 4 மருந்து, அப்புறம் 3. சத்துணவுக்கு மாசம் 1000 ரூபா பேங்க்ல ஏறும், 2024 நவம்பருக்கு முன்னாடி 500தான்.

முதல் வாரமே ஒன்னுக்கு ஆரஞ்சு கலர்ல போகவும் அம்மா ரத்தம்னு பயந்துட்டாங்க, அரசாங்க டி.பி. சூப்பர்வைசருக்கு போன் பண்ணா "மருந்தோட கலருங்க, பயப்படாதீங்க"ன்னாரு. 3வது மாசம் உடம்பு தேறவும் "இனி எதுக்குடா மாத்திரை"ன்னு நிறுத்தப் பாத்தாங்க. டாக்டர்கிட்ட சொன்னேன், அவரு சூப்பர்வைசர்கிட்ட சொல்ல, மறுநாளே மனுசன் வண்டிய எடுத்துட்டு வீட்டுக்கே வந்து திண்ணையில உக்காந்து பேசி விழுங்க வச்சுட்டுதான் போனாரு. பாதியில விட்டா மருந்தே கேக்காம போயிடுமாம். டாக்டர் தனியா இருந்திருந்தா இது நடந்திருக்காது, பி.எச்.சி. மட்டும்னா அம்மா மொதல்ல போயிருக்கவே மாட்டாங்க.

பதில் (ஓசூர்ல இருந்து): எங்க கம்பெனியில பீகார் பையன் ஒருத்தனுக்கும் இதேதான், நடுவுல ஊருக்குப் போறேன்னான். நிக்ஷய் ஐடி இருந்ததால அவங்க ஊரு ஆஸ்பத்திரிக்கே மாத்தி விட்டாங்க, மருந்து விட்டுப் போகல. ரூம்ல கூட இருந்தவங்களையும் கூப்பிட்டு செக் பண்ணாங்க, உங்க வீட்ல சின்னப் பசங்க இருந்தா கட்டாயம் காட்டிடுங்கண்ணா.