வாசகசாலை வைஃபையில் அடிக்கடி இணைப்பு முறிவது ஏன்?

கேள்வி – பாளையங்கோட்டை:
எங்கள் வாசகசாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக, உள்நுழைவுப் பக்கத்துடன் கூடிய வைஃபை அமைத்து, ரேடியஸ் சர்வரில் (கடவுச்சொல்லைச் சரிபார்த்து அனுமதி தரும் சர்வர்) அமர்வு நேரத்தை, அதாவது ஒருமுறை உள்நுழைந்தவர் இணைந்திருக்கக்கூடிய மொத்த நேரத்தை, 4 மணி நேரமாக வைத்திருக்கிறேன். ஆனாலும், கைப்பேசியை மூடி வைத்துவிட்டு அரைமணி நேரம் புத்தகம் படித்தபின் எடுத்தால் மறுபடியும் கடவுச்சொல் கேட்கிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில் – வண்ணாரப்பேட்டை:
அண்ணாச்சி, நீங்கள் மாற்றியது மொத்த நேர வரம்பை மட்டுமே. ரேடியஸில் அது 27ஆம் பண்பு (attribute). தரவு எதுவும் போய்வராமல் எவ்வளவு நேரம் இணைப்பு நீடிக்கலாம் என்ற செயலற்ற நேர வரம்பு 28ஆம் பண்பு. திரை அணைந்த கைப்பேசி தரவு அனுப்புவதைப் பெரிதும் குறைத்துக்கொள்வதால், இந்த இரண்டாவது வரம்பு குறைவாக இருந்தால், பயனர் எழுந்து போய்விட்டதாகவே கன்ட்ரோலர் (வைஃபை இணைப்புகளை நிர்வகிக்கும் கருவி) கருதி இணைப்பைத் துண்டித்துவிடும். இரண்டையும் வினாடிகளில் எழுத வேண்டும்: முதலாவதற்கு 14400, அடுத்ததற்கு 3600 போதும் என்பது என் கருத்து. சர்வர் மதிப்பு அனுப்பாதபோது கன்ட்ரோலரில் உள்ள மதிப்பே நடைமுறைக்கு வரும் என்பதால் அதையும் பாருங்கள்.

பதில் – தென்காசி:
செயலற்ற வரம்பை அடியோடு நீக்கிவிடாதீர்கள். வெளியேறாமல் வீட்டுக்குப் போனவர்களின் அமர்வுகள் தேங்கினால், ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று வரம்பு வைத்திருக்கும் இடத்தில் மாலையில் வரும் பிள்ளைகளுக்கு இணைப்பே கிடைக்காது.

கேள்வி கேட்டவர்:
கன்ட்ரோலரில் செயலற்ற நேர வரம்பு 300 வினாடி என்றுதான் இருந்தது. 3600 ஆக்கினேன், காலையிலிருந்து யாருக்கும் மறுபடி கடவுச்சொல் கேட்கவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி.