கண்ணில் படாமல் போகும் செலவுகளை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன், கூடவே நண்பரின் அச்சகத்துக்கும் அதே வேலை. வாடகை, சம்பளத்தை எல்லோரும் துருவித் துருவிப் பார்க்கிறார்கள், மாதாமாதம் சத்தமில்லாமல் போகிற சில்லறைச் செலவைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. வங்கி அறிக்கையை வரிவரியாகப் பார்த்ததில், வேலையை விட்டுப் போனவர்கள் பெயரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் சந்தாக்கள், யாரும் எடுக்காத ஒரு தொலைபேசி இணைப்பு எல்லாம் சிக்கின. நிறுத்தியாகிவிட்டது, அது சுலபம்.

சிக்கல் வேறு இடத்தில். கார்டு வழியாக வரும் ஒவ்வொரு நன்கொடையிலும், பணத்தை வாங்கித் தரும் நிறுவனம் குறிப்பிட்ட சதவீதம், அதற்கு மேல் ஒரு நிலையான தொகை என்று பிடிக்கிறது. நன்கொடை சிறியதாக இருந்தால் அந்த நிலையான பிடித்தம்தான் கடிக்கிறது. மாதாமாதம் தருபவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துத் தரச் சொல்லலாமா, இல்லை, அப்படிக் கேட்டால் நன்கொடையே நின்றுவிடுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம் ஜெராக்ஸ் மிஷின் குத்தகை. முடிவதற்கு முன்பே எழுத்தில் சொல்லாவிட்டால் தானாக நீளும் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. இந்த மாதிரித் தேதிகளை எதில் குறித்து வைக்கிறீர்கள், யார் பொறுப்பில்?

கூகுள், மைக்ரோசாஃப்ட், கேன்வா தொண்டு நிறுவனங்களுக்குத் தரும் சலுகைகள் தெரியும். அச்சகத்துக்கு அது கிடையாது, பேரம் பேசித்தான் குறைக்க வேண்டும் (எனக்குப் பேரம் சுத்தமாக வராது). பேசிக் குறைத்தவர்கள், முதலில் என்ன சொல்லி ஆரம்பித்தீர்கள் என்பதை அப்படியே எழுதுங்களேன்.